தொண்ணூறு ஷாட் ஆட்டக்காரர்

அமெரிக்க அதிபர் டுவைட் ஐசனோவர் 1956இல் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்பின் கூட்டத்தில் எழுந்து ஒரு கோரிக்கை வைத்தார். பதினேழாவது குழிக்குப் போகும் பாதையில் இடது பக்கம் நிற்கும் பைன் மரத்தை வெட்டிவிட வேண்டும் என்றார். அவர் அடிக்கும் பந்து அடிக்கடி அந்த மரத்தில்தான் போய் மோதியது. கிளப் தலைவர் கிளிஃபர்ட் ராபர்ட்ஸ் பதில் ஏதும் சொல்லாமல் கூட்டத்தையே முடித்துவிட்டார். மரம் தப்பியது, ஐசனோவர் மரம் என்ற பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது. 2014 பிப்ரவரியில் அடித்த பனிப்புயலில் கிளைகள் முறிந்த பிறகே அதை அகற்றினார்கள்.

நார்மண்டிப் படையெடுப்பை நடத்திய தளபதி அவர். பதவியில் இருந்த எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 800 முறை கோல்ஃப் ஆடியவர். வெள்ளை மாளிகைப் புல்வெளியில் பயிற்சிக்கென்று ஒரு கிரீன், அதாவது குழியைச் சுற்றி வழவழப்பாக வெட்டிய புல்தரை, போட்டுவைத்தவர். இவ்வளவு ஆடியும் அவர் ஆட்டம் நடுத்தர ஆட்டமாகவே இருந்தது. வார இறுதியில் மட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் கோடிக்கணக்கான சாதாரண ஆட்டக்காரர்களில் அவரும் ஒருவர். அவர்களைப் பற்றியதுதான் இந்த உரை.

அந்த மரம் நின்ற தூரத்தைக் கவனிக்க வேண்டும். முதல் ஷாட் அடிக்கும் டீயிலிருந்து சுமார் 210 கெஜம். உலகக் கோல்ஃபின் விதிகளை வகுக்கும் இரண்டு அமைப்புகளான அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஆர் அண்ட் ஏயும் பிரிட்டிஷ் கிளப்புகளின் ஆண் உறுப்பினர்களை அளந்து பார்த்திருக்கின்றன. மிக நீண்ட தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையில் அவர்களுடைய ஷாட் 1996இல் சராசரியாக 200 கெஜம் போனது. 2019இல் அது 215ஐ ஒட்டி வந்தது. இடையிலான காலத்தில் டைட்டானியம் மட்டைகளும் புதுவகைப் பந்துகளும் வந்தன. அத்தனையும் சேர்ந்து சாதாரண ஆட்டக்காரருக்குக் கொடுத்தது சுமார் 15 கெஜம்தான். பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி இன்று 300 கெஜத்தை ஒட்டி இருக்கிறது. டைகர் வுட்ஸ் 2011இல் இதே மரத்தடியிலிருந்து பந்தை அடிக்கும்போது காலைக் காயப்படுத்திக்கொண்டார் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த மரத்தை நாள்தோறும் சந்திக்க வேண்டியிருந்தவர்கள் 210 கெஜம் அடிப்பவர்கள்.

கோல்ஃப் ஆடியிராதவர்களுக்காக ஓரிரு செய்திகள். ஒரு சுற்றில் 18 குழிகள். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை முடிக்க இத்தனை ஷாட் போதும் என்ற கணக்குக்குப் பார் என்று பெயர். பெரும்பாலான முழுநீள மைதானங்களில் மொத்தப் பார் 70 முதல் 72 வரை இருக்கும். குறைவான ஷாட்டில் முடிப்பவரே வெற்றியாளர். பலம் குறைந்தவரும் பலம் மிகுந்தவரும் ஒன்றாக ஆடி, இருவரும் வெல்லும் வாய்ப்போடு இருப்பதற்காகக் கொடுக்கப்படும் சலுகை எண்தான் ஹேண்டிகேப். ஹேண்டிகேப் 14 என்றால், 86 ஷாட்டில் முடித்தவரின் கணக்கு 72 ஆகிவிடும்.

இந்தச் சலுகை எண்ணை நாடு முழுவதற்கும் ஒரே முறையில் கணக்கிட முதலில் முனைந்தவர்கள் பெண்கள். 1893இல் பிரிட்டனில் தொடங்கிய பெண்கள் கோல்ஃப் யூனியனும் அதன் செயலர் இசெட் பியர்சனும் ஆண்களுடைய கிளப்புகளுக்கு முன்பே அந்த வேலையைச் செய்து காட்டினார்கள். மைதானத்துக்கு மைதானம் கடினம் மாறும் என்பதைக் கணக்கில் சேர்க்கும் ஸ்லோப் முறையை அமெரிக்காவில் உருவாக்கியவர் டீன் நூத். 2020இல் உலகில் இருந்த ஆறு வெவ்வேறு முறைகள் ஒன்றாகி, உலக ஹேண்டிகேப் முறை வந்தது. இப்போது இந்த எண் அதிகபட்சம் 54 வரை போகலாம். நேற்றுக் கற்றுக்கொள்ள வந்தவருக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

இனி அந்த எண் சொல்வதையும் ஆட்டக்காரர் அதிலிருந்து எடுத்துக்கொள்வதையும் பார்ப்போம். அமெரிக்காவில் ஹேண்டிகேப் வைத்திருக்கும் ஆண்களின் சராசரி 14ஐ ஒட்டி இருக்கிறது. பெண்களின் சராசரி 28ஐ ஒட்டி. 14 வைத்திருப்பவரைக் கேட்டால், தான் 86 அடிக்கும் ஆட்டக்காரர் என்பார். அப்படி இல்லை. கடைசி 20 சுற்றுகளில் மிகச் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்துக் கிடைப்பது அந்த எண். மீதிப் பன்னிரண்டு சுற்றுகள் கணக்கில் சேர்வதே இல்லை. ஆக, ஒருவர் நன்றாக ஆடும் நாளில் எட்டக்கூடிய அளவு அது. தன் ஹேண்டிகேப் அளவுக்கோ அதைவிட மேலாகவோ ஒருவர் ஆடுவது நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறைதான். மற்ற நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி இரண்டு முதல் நான்கு ஷாட் அதிகமாக இருக்கும். 86 என்று நம்புகிறவரின் உண்மைக் கணக்கு 88, 89, 90. நல்ல நாளைத் தன் இயல்பு என்றும், மற்ற நாட்களை விபத்து என்றும் எடுத்துக்கொள்வதற்கு இந்த முறையே இடம் கொடுத்துவிடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024இல் அமெரிக்காவில் ஒருமுறையாவது மைதானத்தில் இறங்கி ஆடியவர்கள் சுமார் 2.8 கோடிப் பேர். அதிகாரப்பூர்வ ஹேண்டிகேப் வைத்திருப்பவர்கள் 30 லட்சத்துக்குச் சற்று அதிகம். ஒழுங்காகக் கணக்கு எழுதிவைக்கும் அக்கறையுள்ள சிறுபான்மையினரின் சராசரிதான் 14. மற்றவர்களில் ஏராளமானோர் 100ஐ உடைப்பதையே பெரிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டம் முற்றிலும் நியாயமானது. அவர்கள் எழுதும் 98இலும் எத்தனை முறை தவறிய ஷாட்டை மறுபடி அடித்துக்கொண்டார்கள், எத்தனை முறை குழிக்கு மூன்றடி தள்ளிக் கிடந்த பந்தை நண்பர்கள் ‘போதும், எடுத்துக்கொள்’ என்றார்கள் என்பது தெரியாது. மல்லிகன், கிம்மி என்று பெயர் பெற்ற இந்தப் பழக்கங்களில் மறுஷாட்டுக்கு விதிப்புத்தகத்தில் இடமே கிடையாது. ஷாட் எண்ணி ஆடும் ஆட்டத்தில் கிம்மிக்கும் கிடையாது. நட்புக்காக அவை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவற்றோடு எழுதிய எண்ணை வைத்துத் தன் ஆட்டத்தை எடைபோடத் தொடங்கும்போது ஆட்டக்காரர் வழிதவறிப் போகிறார்.

தூரக் கணக்கில்தான் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஒருவர் தன்னுடைய 7ஆம் எண் அயர்ன் மட்டையில் பந்து 150 கெஜம் போகும் என்கிறார். பொய் சொல்லவில்லை, ஒரு நாள் போயிருக்கிறது. காற்று பின்னாலிருந்து வீசிய, தரை காய்ந்திருந்த, மட்டையின் நடுவில் பந்து சரியாகப் பட்ட ஒரு நாள். அந்த ஷாட் நினைவில் பதிந்துவிட்டது. பாதி மட்டையில் பட்டு 125 கெஜத்தில் விழுந்தவற்றை நினைவு தூரமாகச் சேமிப்பதில்லை, ‘சரியாகப் படவில்லை’ என்று ஒதுக்கிவைத்துவிடுகிறது. அடுத்தமுறை 150 கெஜத்தில் கொடி தெரிந்தால், கை அதே 7ஐ எடுக்கிறது. மட்டைகளில் உணரியைப் பொருத்தி ஒவ்வொரு ஷாட்டையும் பதிவுசெய்யும் கருவிகள் சேர்த்த தரவு ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது: சாதாரண ஆட்டக்காரர் கிரீனைத் தவறவிடும்போது பந்து பெரும்பாலும் கிரீனுக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. மைதானம் அமைப்பவர்களோ மணல்குழியையும் நீர்நிலையையும் முன்பக்கத்தில்தான் அதிகம் வைக்கிறார்கள். பெருமையை விட்டு ஒரு எண் குறைந்த, அதாவது இன்னும் தூரம் போகும் மட்டையை எடுத்தாலே, எந்தப் பயிற்சியும் இல்லாமல், பல ஷாட்கள் அன்றைக்கே குறையும்.

பக்கவாட்டுத் தவறு இதைவிடச் சிக்கலானது. அதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் எடுத்துக்கொள்வது தகும். ரேடார் மூலம் ஷாட்டை அளக்கும் டிராக்மேன் நிறுவனத்தின் கணக்கில், சராசரி ஆண் ஆட்டக்காரரின் டிரைவர் மணிக்கு 93 மைல், அதாவது சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் பந்து ஐந்து டிகிரி விலகிப் புறப்பட்டால், 215 கெஜம் போய்ச் சேரும்போது 19 கெஜம் தள்ளி இருக்கும், வளைவு தனி. வலது கைக்காரரின் பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளைந்து ஓடும். இதற்குப் பெயர் ஸ்லைஸ். உலகத்தில் மிகப் பரவலான கோல்ஃப் நோய் இதுதான்.

நோயைவிட மருந்து கொடியது. பந்து வலப்பக்கம் போவதைக் கண்ணால் பார்த்த ஆட்டக்காரர், இயல்பாகவே இடப்பக்கம் திரும்பி நிற்கிறார். மட்டையையும் இடப்பக்கம் இழுத்து வீசுகிறார். பந்து முன்னிலும் அதிகமாக வளைகிறது. காரணம் இதுதான். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டை முகம் பார்க்கும் திசை. வளைவைத் தீர்மானிப்பது, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வீசப்படும் திசைக்கும் உள்ள வேறுபாடு. வீச்சை இடப்பக்கம் இழுக்க இழுக்க அந்த வேறுபாடு கூடுகிறது, ஸ்லைஸ் முற்றுகிறது. ரேடார் கருவிகள் வரும்வரை பல பயிற்சி நூல்களே இதைத் தலைகீழாகச் சொல்லிவந்தன: பந்து வீச்சின் திசையில் கிளம்பி, முகத்தின் திசையில் முடியும் என்றன. அப்படியிருக்க, வாரம் ஒரு நாள் ஆடுகிற மருத்துவரையும் கடைக்காரரையும் குறைசொல்ல இடமில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை நம்பித் திருத்தினார்கள். அந்தத் திருத்தமே தவறை வளர்த்தது.

கோல்ஃப் கிளப்புகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த ஒரு நம்பிக்கை, நெடுந்தூர ஷாட் வெறும் காட்சிக்கு, காசு கிடைப்பது கிரீனில் பந்தை உருட்டும் பட்டிங்கில் என்பது. கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி அதைச் சோதித்துப் பார்த்தார். தொழில்முறை ஆட்டக்காரர்கள், சாதாரண ஆட்டக்காரர்கள் இருவகையினரின் ஷாட்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எந்த ஷாட் எத்தனை பங்கு லாபமோ நஷ்டமோ தந்தது என்று கணக்கிடும் முறையை உருவாக்கினார். பிஜிஏ டூர் 2011இல் பட்டிங்குக்கும், பிறகு மற்ற ஷாட்களுக்கும் அந்த முறையை ஏற்றது. 2014இல் அவருடைய ‘எவ்ரி ஷாட் கவுண்ட்ஸ்’ நூல் வந்தது. 80 அடிப்பவருக்கும் 90 அடிப்பவருக்கும் இடையிலுள்ள பத்து ஷாட் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்களில் வருகிறது. பட்டிங்கின் பங்கு மிகச் சிறியது.

ஆனால் சுற்று முடிந்து வந்த ஆட்டக்காரரிடம் எங்கே இழந்தீர்கள் என்று கேட்டால், கிரீனில் தவறவிட்ட நான்கு பட்டுகளைத்தான் சொல்வார். பட் என்பது குழியின் விளிம்பில் தவறுகிறது. அந்த வலி கூர்மையானது. 170 கெஜத்திலிருந்து அடித்த ஷாட் கிரீனுக்கு 30 கெஜம் முன்னால் விழுந்தது யாருக்கும் வலிப்பதில்லை. இழப்பு அங்கேதான் நேர்ந்தது.

கிரீனிலும் எதிர்பார்ப்பு அளவுமீறியே நிற்கிறது. எட்டடி தூரத்திலிருந்து டூர் ஆட்டக்காரர்கள் பாதி பட்டுகளைத்தான் போடுகிறார்கள். இருபதடியிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து. 90 அடிக்கும் சாதாரண ஆட்டக்காரர் பாதி போடும் தூரம் ஐந்தடி. ஏழடியில் தவறவிட்டுத் தலையில் கைவைப்பவர், அன்று பெரும்பாலும் தன் தரத்துக்கு ஏற்றபடிதான் ஆடியிருக்கிறார். தொலைக்காட்சிதான் இந்தக் கணக்கைக் குழப்பிவிடுகிறது. அந்த வாரம் முன்னணியில் இருப்பவர்களை மட்டுமே கேமரா பின்தொடர்கிறது. முன்னணிக்கு வந்ததற்கே காரணம் அந்த வாரம் அவர்களுடைய பட்டுகள் விழுந்ததுதான். மற்றபடி டூர் ஆட்டக்காரர்களே மூன்று கிரீனில் ஒன்றை உரிய ஷாட்டுக்குள், அதாவது பாரில் இரண்டு ஷாட் மிச்சம் வைத்து, எட்ட முடியாமல் விடுகிறார்கள்.

நாசாவில் இயற்பியலாளராக இருந்து பட்டிங் ஆசிரியரான டேவ் பெல்ஸ் வேறொரு பழக்கத்தை ஆவணப்படுத்தினார். சரிவான கிரீனில் சாதாரண ஆட்டக்காரரின் பந்து பெரும்பாலும் குழியின் தாழ்ந்த பக்கமாகவே தவறுகிறது. சரிவை அவர்கள் இருப்பதைவிடக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கத்துக்கே அமெச்சூர் பக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜெசிகா விட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்தப் பேச்சில் தவறாமல் இடம்பெற வேண்டியது. சுற்றை முடித்து வந்த 46 ஆட்டக்காரர்களிடம் வெவ்வேறு அளவில் ஒன்பது கறுப்பு வட்டங்களைக் காட்டி, குழி இவற்றில் எதன் அளவு இருந்தது என்று கேட்டார்கள். உண்மையான குழியின் விட்டம் உலகெங்கும் 10.8 சென்டிமீட்டர்; 1891இலிருந்து மாறாத அளவு. அன்றைக்கு நன்றாக ஆடியவர்கள் பெரிய வட்டத்தைக் காட்டினார்கள். மோசமாக ஆடியவர்கள் சிறியதைக் காட்டினார்கள். ஹேண்டிகேப்புக்கும் காட்டிய வட்டத்துக்கும் தொடர்பு இல்லை. நீண்டகாலத் திறமையைவிட அன்றைய ஆட்டமே அவர்கள் பதிலில் தெரிந்தது. நன்றாக ஆடியதால் பெரிதாகத் தெரிந்ததா, பெரிதாகத் தெரிந்ததால் நன்றாக ஆடினார்களா என்பதை இத்தகைய ஆய்வு தீர்த்துவைக்காது. ஆயினும், தன்னைப் பற்றிய மதிப்பீடு எவ்வளவு அன்றன்றைக்கு நடந்ததோடு ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

பயிற்சி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண ஆட்டக்காரர் பந்தின் முன் நிற்கும்போது மனத்தில் பல அறிவுரைகள் ஓடுகின்றன: தலையைத் தூக்காதே, இடது கையை மடக்காதே, இடுப்பைத் திருப்பு. ஆய்வாளர் காப்ரியேல வுல்ஃபும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கைகளின் அசைவைக் கவனித்துக் கற்ற புதியவர்களைவிட மட்டையின் அசைவைக் கவனித்துக் கற்றவர்கள் துல்லியமாக அடித்தார்கள். உளவியலாளர் சியன் பெய்லாக்கின் சோதனைகளில், அனுபவம் உள்ளவர்களைத் தங்கள் வீச்சின் நுணுக்கத்தைக் கவனிக்கச் சொன்னபோது அவர்களுடைய பட்டிங் கெட்டது. புதியவர்களுக்கோ அதே கவனம் உதவியது. இருபது ஆண்டு ஆடியவர் இன்னும் முதல் நாள் மாணவரைப்போல் முழங்கையையே நினைத்துக்கொண்டு நிற்பது வீணான துன்பம்.

தவறான சுயமதிப்பீட்டின் மிகப் பெரிய செலவு எந்த டீயிலிருந்து தொடங்குவது என்பதில் இருக்கிறது. ஒரே மைதானத்தில் நான்கைந்து டீக்கள் உண்டு. பின்னாலிருந்து ஆடினால் 7,000 கெஜம், முன்னாலிருந்து ஆடினால் 5,000. மட்டைத் தயாரிப்பாளர் பார்னி ஆடம்ஸின் யோசனையை ஏற்று, அமெரிக்க பிஜிஏவும் கோல்ஃப் சங்கமும் 2011இல் முன்னால் வந்து ஆடுங்கள் என்று ஓர் இயக்கம் தொடங்கின. அதன் அட்டவணைப்படி டிரைவரால் 200 கெஜம் அடிப்பவருக்கு ஏற்ற மைதான நீளம் 5,200 முதல் 5,400 வரை. 225 அடிப்பவருக்கு 5,800 முதல் 6,000 வரை. 215 அடிக்கும் சராசரி ஆணோ 6,300, 6,500 கெஜ டீயில் போய் நிற்கிறார். இரண்டாவது ஷாட்டுக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் 8ஆம் எண் அயர்ன் எடுக்கும் இடத்தில் இவர் கையில் நெடுந்தூர மரமட்டை இருக்கிறது. 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து வரும் ஷாட்களில்தான் இழப்பு என்று பிராடி காட்டிய அதே இடத்தை, இவர் தன் விருப்பத்தாலேயே இன்னும் நீட்டிக்கொள்கிறார். முன் டீ பெண்களுக்கும் முதியவர்களுக்கும் என்ற பழைய பேச்சுதான் ஆண்களை அங்கே போகவிடாமல் தடுக்கிறது.

அந்தப் பேச்சு பெண்களுக்கு இழைத்த அநீதி அதைவிடப் பெரியது. ஆர் அண்ட் ஏ அளவுகளில் பெண் அமெச்சூரின் சராசரி டிரைவர் ஷாட் 150 கெஜத்துக்குச் சற்றுக் கீழே. அதே அட்டவணை 150 கெஜம் அடிப்பவருக்குப் பரிந்துரைப்பது 3,500 முதல் 3,700 கெஜ மைதானம். ‘பெண்கள் டீ’ என்று சொல்லப்பட்ட முன் டீயோ அமெரிக்காவின் பல மைதானங்களில் 5,000 கெஜத்துக்கு மேல். அதே விகிதத்தில், 275 கெஜம் அடிக்கும் ஒரு வலுவான ஆணை ஆடவைப்பதாக இருந்தால் மைதானம் 9,100 கெஜத்துக்கு மேல் இருக்க வேண்டும். அப்படி ஒரு மைதானத்தை எந்த ஆணும் நியாயம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். சராசரிப் பெண்ணின் ஹேண்டிகேப் 28 என்று படிக்கும்போது, அந்த எண்ணை அவர் எத்தகைய மைதானத்தில் ஈட்டினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மைதான நீளம் ஹேண்டிகேப் கணக்கில் சரிசெய்யப்படுகிறதுதான். ஆனால் பார் நான்கு உள்ள குழி ஒவ்வொன்றிலும் கிரீனை உரிய ஷாட்டில் எட்டவே முடியாது என்ற அனுபவத்தை எந்தச் சூத்திரமும் சரிசெய்யாது.

மைதான வடிவமைப்பாளர் ஆலிஸ் டை இதற்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். தானே சிறந்த அமெச்சூர் ஆட்டக்காரர். கணவர் பீட் டையோடு சேர்ந்து மைதானங்கள் அமைத்தவர். 1997இல் அமெரிக்க கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானவர். பெண்களுக்கு ஒரே ஒரு டீ என்பதை விட்டு, திறமைக்கு ஏற்ப இரண்டு தனி டீக்கள் வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. எத்தனையோ மைதானங்கள் பிற்பாடு டீக்களுக்கு ஆண், பெண், முதியவர் என்ற பெயர்களை நீக்கி, எண்களையோ நிறங்களையோ மட்டும் வைத்தன. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்றும் இருக்கிறது: 5ஆம் எண் அயர்னில் வழக்கமாகப் போகும் தூரத்தை 36ஆல் பெருக்கினால், ஆட வேண்டிய மைதான நீளம் கிடைக்கும். 150 கெஜம் போகிறவருக்கு 5,400. அந்த 150ஐ, நன்றாகப் பட்ட ஒரு ஷாட்டிலிருந்து எடுக்காமல், பயிற்சித்திடலில் வரிசையாக இருபது பந்து அடித்து, பாதியில் பட்டவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். கிளப்புகள் உறுப்பினர்களுக்கு இந்த அளவை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துக்கொடுத்து, அதற்கேற்ற டீயை மதிப்பெண் அட்டையிலேயே அச்சிட்டுவிட்டால், எந்த டீ யாருக்கு என்ற கூச்சத்துக்கு இடமே இருக்காது.